நீலத்தின் மாற்று

கூக்கால் ஏரிக்கரையில் நின்று பார்க்கிறவர்களுக்கு மலை ஒரே நிறமாக இருப்பதில்லை. பக்கத்து மலை பச்சை. அதற்கு அடுத்தது நீலம் தோய்ந்த கரும்பச்சை. அதற்கடுத்தது நீலம். இன்னும் அப்பால் வெளிர்நீலம். கடைசி மலை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. இத்தனைக்கும் எல்லா மலையிலும் இருப்பது அதே புல், அதே சோலைக்காடு, அதே அடுக்கு வயல்கள்தான். நீலம் மலையில் இல்லை. மலைக்கும் நமக்கும் நடுவிலிருக்கும் காற்று நீல ஒளியைச் சிதறடிக்கிறது. தொலைவு கூடக்கூட நடுவிலிருக்கும் காற்றும் கூடுகிறது. மலை வெளுத்துக்கொண்டே போகிறது. அந்த வெளிர்நீல மலையில் பூண்டுக்குக் களையெடுக்கும் ஒரு பெண் இடுப்பை நிமிர்த்தி இந்தப் பக்கம் பார்த்தால் அவளுக்குத் தன் காலடி பச்சை. நாம் நிற்கும் மலைதான் அவளுக்கு வெளிர்நீலம்.

இதே வெளிர்நீலம் கணினிக்குள் வேறு விதமாக இருக்கிறது. அங்கே அதற்குத் தொலைவு கிடையாது; எண் உண்டு. 1980களில் அமெரிக்காவில் எக்ஸ் என்னும் கணினித் திரை அமைப்பை உருவாக்கியபோது நிறங்களுக்குப் பெயரும் எண்ணும் கொண்ட ஒரு பட்டியல் அதனோடு சேர்ந்து வளர்ந்தது. பிறகு இணையப் பக்கங்களுக்கான தரப்பட்டியலும் அந்தப் பெயர்களை எடுத்துக்கொண்டது. அதில் 'லைட் ப்ளூ' என்றால் சிவப்பு 173, பச்சை 216, நீலம் 230. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரையிலான அளவு. இதையே பதினாறின் அடிமான எண்ணில் எழுதினால் ஏடி, டி8, ஈ6. நிறவட்டத்தின் கோணமாகச் சொன்னால் 195 பாகை. செறிவு 53 விழுக்காடு, வெளிச்சம் 79 விழுக்காடு. அச்சு மசியாகச் சொன்னால் சயான் 25, மெஜந்தா 6, மஞ்சள் 0, கறுப்பு 10.

ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்கு மாற்ற மந்திரம் எதுவும் வேண்டாம். பள்ளிக்கூடக் கணக்குப் போதும். 230இலிருந்து 173ஐக் கழித்தால் 57. 57ஐ 230ஆல் வகுத்தால் ஏறக்குறைய நூற்றுக்கு 25. அதுதான் சயான். 255க்கு 230 எவ்வளவு குறைகிறதோ அதுதான் கறுப்பு. எந்த ஊரில், யார் போட்டாலும் விடை ஒன்றுதான். அப்படியானால் நிறமும் ஒன்றுதானா?

என் கவிதைத் தொகுப்பு ஒன்றின் அட்டைக்கு நீல மலையடுக்குப் படத்தைத் தேர்ந்திருந்தேன். அச்சகத்தில் முதல் தாள் வந்தபோது திரையில் பார்த்த நீலம் அதில் இல்லை. சாம்பல் பூத்துக் கிடந்தது. எண்கள் சரியாக இருக்கின்றனவே என்று கேட்டதற்கு இயந்திரத்தின் முன் நின்ற அண்ணன் சிரிக்காமல் சொன்னார்: "எண்ணு சரிதான் மேடம். ஆனா ஸ்க்ரீன்ல லைட்டு எரியுது, பேப்பர்ல மசி இருக்கு. ரெண்டும் எப்படி ஒண்ணாகும்? பேப்பரை மாத்துனா இதுவும் மாறும்."

அவர் சொன்னதில் ஒரு முழுத் தத்துவமே இருக்கிறது. திரை ஒளியைக் கூட்டி நிறம் செய்கிறது. மசி ஒளியை விழுங்கி நிறம் செய்கிறது. நம் கணக்கு பிழையில்லாத ஒரு மசியையும் பிழையில்லாத ஒரு தாளையும் கற்பனை செய்துகொண்டு போடப்படுவது. திரையில் தெரியும் சில நிறங்களை மசியால் கொண்டுவரவே முடியாது. அப்போது இயந்திரம் என்ன செய்யும்? தன்னால் முடிந்த எல்லையில் இருக்கும் பக்கத்து நிறமாக அதை இழுத்து வெட்டிவிடும். வெட்டியதைச் சொல்லாது. தாளில் ஒரு நிறம் இருக்கும்; பார்ப்பவர் அதுதான் நிறம் என்று நினைத்துக்கொள்வார்.

ஒன்றை இன்னொன்றின் அளவுக்கு மாற்றிச் சொல்வது நியாயமா? எப்போது நியாயம், எப்போது அநியாயம்? பெண்களாகிய நமக்கு இது அச்சகக் கேள்வி மட்டுமில்லை. வேறொருவர் வகுத்த அளவுக்குள் தன்னை மாற்றிக் காட்டச் சொல்லி வாழ்நாள் முழுக்கக் கேட்கப்படுகிறவர்கள் நாம். வெட்டப்பட்டது என்ன என்பது நம்மைத் தவிர யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது.

முதலில் அளந்த கண் யாருடையது என்று பார்ப்போம். எண் என்றால் அது யாரையும் சாராதது என்று நினைக்கப் பழகியிருக்கிறோம். நிற எண்களின் அடியில் மனிதக் கண்கள் இருக்கின்றன. 1920களின் இறுதியில் இங்கிலாந்தில் ரைட் என்பவர் 10 பேரை வைத்தும் கில்ட் என்பவர் 7 பேரை வைத்தும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பக்கம் ஒரு நிற ஒளி. மறுபக்கம் சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் கூட்டிக் குறைத்து அதே நிறத்தைக் கொண்டுவர வேண்டும். இந்த 17 பேரின் கண்களைச் சராசரியாக்கி 1931இல் பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் ஒரு 'தரப் பார்வையாளரை' உருவாக்கியது. அப்படி ஒரு ஆள் எங்கும் இல்லை. ஆனால் இன்றுவரை திரை, அச்சு எனப் பல இடங்களின் நிறக் கணக்கும் அந்த இல்லாத ஆளின் கண்வழியாகவே போகிறது.

கண் மட்டுமில்லை, வெளிச்சமும் அப்படித்தான். நம் திரைகளில் 'வெள்ளை' என்று வைத்திருப்பது ஒரு தரப்படுத்தப்பட்ட பகல் வெளிச்சம். 1960களில் அதை வகுத்தபோது அடிப்படையாக எடுத்துக்கொண்ட 600க்கும் மேற்பட்ட அளவீடுகள் இங்கிலாந்து, கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் வானத்தின் கீழ் எடுக்கப்பட்டவை. கூக்காலின் மார்கழிக் காலையோ இராமநாதபுரத்தின் சித்திரை உச்சிவெயிலோ அதில் இல்லை.

இதில் சதி எதுவும் இல்லை. எங்காவது ஓரிடத்தில், யாராவது சிலரை வைத்துத்தான் தொடங்க முடியும். அந்த ஆய்வாளர்கள் தங்கள் சோதனையில் எத்தனை பேர், என்ன விதமான சோதனை என்பதை மறைக்கவுமில்லை. சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. 'சிலரின் சராசரி' என்பது புழக்கத்தில் 'இயல்பு' ஆகிறது. இயல்பு என்றான பிறகு அதிலிருந்து விலகியது குறையாகிறது.

இது எப்படி நடக்கும் என்பதற்கு வண்ணப்படத்தின் வரலாற்றில் ஒரு பெண் சாட்சியாக இருக்கிறாள். 1950களிலிருந்து கோடாக் நிறுவனம் படம் கழுவும் கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டையை அனுப்பிவந்தது. அதில் நன்றாக உடுத்திய ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பாள். அவள் தோலின் நிறம் அட்டையில் இருப்பதுபோல் வந்துவிட்டால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று பொருள். முதலில் அட்டையில் நின்றவர் ஷெர்லி என்ற ஊழியர். பின்னால் வேறு பெண்கள் நின்றபோதும் அட்டைக்கு 'ஷெர்லி அட்டை' என்ற பெயரே நிலைத்தது. 'நார்மல்' என்ற சொல்லை அச்சிட்டு வந்த அட்டைகளும் உண்டு. ஷெர்லியின் தோலுக்கு ஏற்ப ஒளியைச் சரிசெய்தால் கறுத்த முகங்கள் படத்தில் இருளாகின. கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன. கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் லோர்னா ராத் இந்த வரலாற்றைத் தேடி எழுதியிருக்கிறார். கறுத்த நிறங்களை நன்றாகக் காட்டும்படி படச்சுருளை மாற்றத் தூண்டிய காரணங்களுள் ஒன்றாக அவர் சொல்வது, மர நாற்காலி செய்பவர்களும் சாக்லேட் செய்பவர்களும் தெரிவித்த அதிருப்தியை. கருமரத்துக்கும் வெளிர்மரத்துக்கும் படத்தில் வேறுபாடு தெரியவில்லை என்று அவர்கள் குறைப்பட்டார்கள். மனித முகங்கள் இருளான காலத்தில் வராத அவசரம் மேசைக்கும் மிட்டாய்க்கும் வந்தது.

ஷெர்லியையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். அவள் அளவுகோலாக நின்றாள். ஆனால் அளந்தது அவள் இல்லை. அவள் முகம் எத்தனையோ கூடங்களுக்குப் போயிற்று. எது இயல்பு என்று முடிவு செய்த மேசையில் அவளுக்கு நாற்காலி இருந்ததாகத் தெரியவில்லை. அளவுக்கு வெளியே தள்ளப்படுவது ஒரு துன்பம் என்றால் அளவாக ஆக்கி நிறுத்தப்படுவது இன்னொரு துன்பம். கற்புக்கு, பொறுமைக்கு, தாய்மைக்கு எடுத்துக்காட்டாக நிறுத்தப்பட்ட நம் காப்பியப் பெண்களுக்கும் நடந்தது இதுதான்.

நம் வீடுகளுக்கும் இந்த அட்டை வந்தது. என் அம்மாவைப் பெண் பார்க்க அனுப்பிய கறுப்பு வெள்ளைப் படத்தில் முகத்துக்கு ஒரு நிறம், கழுத்துக்கு ஒரு நிறம். ஸ்டுடியோவில் தூரிகையால் முகத்தை மட்டும் வெளுப்பாக்கியிருந்தார்கள். கழுத்துக்குத் தூரிகை போகவில்லை. 1975இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' சந்தைக்கு வந்தது. பின்னாளில் அதன் அட்டைப்பெட்டிக்குள்ளேயே நிற அட்டை ஒன்றைச் சேர்த்தார்கள். கண்ணாடி முன் நின்று முகத்தோடு அட்டையை ஒட்டிப் பார்த்து, எத்தனை படி ஏறியிருக்கிறோம் என்று ஒரு பெண் தானே தன்னைச் சோதித்துக்கொள்ளலாம். 2019இல் அந்த அட்டையை நீக்கிவிட்டதாகவும், 2020இல் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுப்பதாகவும் நிறுவனம் அறிவித்தது. அட்டை போனது. அதைப் பார்த்துப் பழகிய கண் அவ்வளவு விரைவில் போகாது.

தமிழ் படித்தவர்கள் இந்த இடத்தில் 'மாமை' என்ற சொல்லை எடுத்துக் காட்டுவது வழக்கம். நானும் வகுப்பில் காட்டியிருக்கிறேன். மாந்தளிரின் நிறம் மாமை. சங்கக் கவிதைகளில் அது தலைவியின் அழகு. அந்த நிறம் வெளுத்துப் பசப்பது அழகின் இழப்பு. வெளுப்பே அழகு என்ற இன்றைய கணக்குக்கு நேர்மாறான கணக்கு அது. அதே 'மாநிறம்' இன்றைய மணமகள் விளம்பரத்தில் பாதி மன்னிப்புக் கேட்கும் சொல்லாகச் சுருங்கிவிட்டது. இது வரை சரி. ஆனால் இத்தோடு நிறுத்திப் பெருமைப்பட்டுக்கொள்ள முடியவில்லை. பசலையும் ஒரு நிற அட்டைதான். அவன் இருக்கிறானா, போய்விட்டானா என்பதை அவள் தோலில் படித்தார்கள். வெளுப்பு தோற்று மாமை வென்றாலும் வாசிக்கப்படும் பக்கமாக இருப்பது அவள் உடலே. எந்த நிறம் உயர்ந்தது என்று கேட்பதைவிட, நிறத்தை வைத்து யார் யாரை எடைபோடுகிறார்கள் என்று கேட்பது முக்கியம்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு, 'அளவுகோலே வேண்டாம், தரப்படுத்துவதே ஆதிக்கம்' என்ற முடிவுக்கு வருவது எளிது. பெண்ணியம் பேசும் நம்மில் பலருக்கு அந்த முடிவு பிடிக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணம் ஒரு மரக்கால்.

கீழத்தஞ்சையின் பண்ணைகளில் கூலி நெல் அளக்க ஒரு மரக்கால், பண்ணைக்கு வரவேண்டிய நெல்லை அளக்க இன்னொரு மரக்கால் என்று இருந்த காலம் உண்டு. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், கொள்ளளவு ஒன்றில்லை. குனிந்து நாற்று நட்ட பெண் முந்தானையில் வாங்கிப்போன நெல் எப்போதும் சின்ன மரக்காலால் அளந்தது. 1940களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் கட்டியெழுப்பிய விவசாயிகள் இயக்கம் சாணிப்பாலையும் சவுக்கடியையும் எதிர்த்தது நமக்குத் தெரியும். அந்த இயக்கம் கேட்டவற்றுள் ஒன்று முத்திரை மரக்கால். அதாவது அரசு முத்திரை குத்திய, எல்லாருக்கும் ஒரே அளவான மரக்கால். தரப்படுத்தப்பட்ட அளவை அங்கே கேட்டவர்கள் அதிகாரம் இல்லாதவர்கள். தரப்படுத்தப்படாத அளவில் ஆதாயம் கண்டவர்கள் மிராசுதார்கள். எழுதப்படாத அளவு எப்போதும் வலியவர் கையில் இருக்கும்.

கூக்காலிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் விளையும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதுவும் ஒரு தரம்தான். எங்கேயோ விளைந்ததை மலைப்பூண்டு என்று சொல்லி விற்க முடியாதபடி அது ஒரு வேலி கட்டுகிறது. சரியான தராசு, எழுதிவைத்த கூலி, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்ற சட்டம் எல்லாம் பொது அளவுகள். இவை இல்லாமல் நமக்கு வழக்காட இடமே இல்லை. 'இவ்வளவு தர வேண்டும், இவ்வளவுதான் தந்தாய்' என்று சொல்ல ஒரு எண் வேண்டும்.

ஆகவே அளவு இருக்கலாமா என்பது நம் கேள்வியாக இருக்க முடியாது. மரக்காலுக்கும் முகத்தோடு ஒட்டிப் பார்க்கும் அட்டைக்கும் என்ன வேறுபாடு என்பதே கேள்வி. மரக்கால் இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிறது. அதை வைத்து இருவரும் ஒருவரையொருவர் கேள்வி கேட்கலாம். நெல் குறைந்தால் குறை, அளந்தவருக்கு. அட்டை ஒருவரின் மேல் வைக்கப்படுகிறது. அதனிடம் எதிர்க்கேள்வி கேட்க முடியாது. நிறம் குறைந்தால் குறை, அளக்கப்பட்டவளுக்கு. பொருளை அளந்து மனிதருக்குள் நியாயம் காண்பது ஒன்று. மனிதரை அளந்து தீர்ப்பு எழுதுவது வேறு.

நம் மொழியில் 'மாற்று' என்ற சொல்லுக்குள் இந்த இரண்டும் இருக்கின்றன. ஒன்றை வேறொன்றாக ஆக்குவது மாற்று. பொன்னின் தரமும் மாற்று. உரைகல்லில் தேய்த்து மாற்று பார்ப்பார்கள். மாற்றுக் குறையாத தங்கம் என்பார்கள். பெண்ணையும் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் உரைகல்லில் தேய்க்கும்போது கல்லில் ஒரு கீற்றுப் பொன் ஒட்டிக்கொள்கிறது. சோதிப்பதிலேயே கொஞ்சம் தேய்மானம் உண்டு. நேர்மையான ஆசாரிக்கு அது தெரியும். மாற்றுகிற எவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

தேய்மானத்தைச் சொல்லாமல் மாற்றியதற்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் நம் மக்கள்தொகைக் கணக்கைப் பார்க்கலாம். அதில் வீட்டு வேலை மட்டும் பார்க்கும் பெண் 'வேலை செய்யாதோர்' என்ற பிரிவில் வருகிறாள். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டித் தண்ணீர் பிடித்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஒருத்தி கணக்கேட்டில் 0 ஆகிறாள். அந்தப் படிவத்தின் எல்லைக்குள் அவள் உழைப்புக்கு நிறம் இல்லை. பக்கத்து நிறமாக இழுத்து வெட்டிவிட்டார்கள்.

வேறொரு அளவுகோலைக் கொண்டுவந்தபோது என்ன ஆயிற்று? 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண் அதற்காக ஒரு நாளில் சராசரியாகச் செலவிட்டது 299 நிமிடம். அதில் ஈடுபட்ட ஆண் செலவிட்டது 97 நிமிடம். அதே அடுப்பு, அதே குடம். ஒரு படிவத்தில் 0, இன்னொரு படிவத்தில் 299. எண் பொய் சொல்லும் என்பதும், எண் உண்மையை வெளிக்கொண்டுவரும் என்பதும் ஒருசேர இங்கே நிற்கின்றன.

2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1000 ரூபாயாகத் தொடங்கியது. 2019இன் அகில இந்தியச் சராசரியான 299 நிமிடத்தை 30 நாளுக்குப் பெருக்கினால் ஏறக்குறைய 150 மணி நேரம். 1000 ரூபாயை அதனால் வகுத்தால் மணிக்கு 7 ரூபாய்கூட வரவில்லை. இப்படி வகுத்துப் பார்ப்பதே தவறு, அது கூலி இல்லை என்று சொல்லலாம். உண்மைதான். 'உதவி' என்றோ 'கூலி' என்றோ பெயர் வைக்காமல் 'உரிமை' என்று வைத்தது நல்லது. அந்தப் பெயர் ஒன்றை ஒப்புக்கொள்கிறது: இந்த உழைப்பை ரூபாயாக மாற்றினால் சரியாக வராது, ஆனால் வராது என்பதற்காக 0 என்று எழுதவும் கூடாது. மாற்றும்போது இழப்பதை வெளியே சொல்வது என்பதற்கு என் பொருள் இதுதான்.

எண்ணுக்கு வெளியே பெண்கள் வைத்திருக்கும் நிறக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. புடவைக் கடையில் அதைக் கேட்கலாம். ஆகாய நீலம், கத்தரிப்பூ, கிளிப்பச்சை, வெங்காயத்தோல், மயில்கழுத்து. 'இதே நீலம்தான்க்கா, கொஞ்சம் தூக்கலா', 'இது ரொம்ப அழுத்தமா இருக்கும்மா, வயசுக்குத் தோதா மங்கலா எடுங்க'. இங்கே நிறம் எப்போதும் இன்னொன்றோடு ஒப்பிட்டு, இருவருக்கு நடுவில் பேசித் தீர்வது. எம்.எஸ். ப்ளூ என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரம் முத்து செட்டியார் உருவாக்கியதாகச் சொல்லப்படும் நீலம் அது. இன்று கடைக்குக் கடை அந்த நீலம் கொஞ்சம் மாறும். ஒவ்வொரு கடையிலும் அதுதான் அசல் என்பார்கள். எண் இல்லாததால் ஏமாற்றவும் முடிகிறது. எண் இல்லாததால் ஒரு பெண்ணின் குரலும் மேடையும் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டு வரவும் முடிகிறது. மயில்கழுத்துக்கோ எண்ணே கொடுக்க முடியாது. பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம். நடந்தால் நீலம், திரும்பினால் பச்சை. அசையும் துணியில், பார்க்கும் கோணத்தில் இருக்கும் நிறம் அது.

நம் பழைய மொழியும் இப்படித்தான் நிறத்தைச் சொன்னது. திருமாலின் மேனியைப் பச்சை என்றும் நீலம் என்றும் கருமை என்றும் சொல்லி அதில் முரண்பாடு காணாத மொழி இது. தொல்காப்பியம் உரியியலில் கறுப்பு, சிவப்பு என்ற சொற்களுக்குச் சினம் என்ற பொருளை முதலில் சொல்லி, நிறத்தையும் குறிக்கும் என்று அடுத்துச் சொல்கிறது. 'முகம் கறுத்துப் போச்சு' என்று இன்றும் சொல்கிறோம். நிறம் ஒரு பொருளின் மேல் ஒட்டியிருப்பதாக மட்டும் அல்லாமல், ஒருவருக்கு நடப்பதாகவும் இந்த மொழியில் இருந்திருக்கிறது.

இதைச் சொல்லி எண்ணைத் தாழ்த்திச் சொல்லை உயர்த்திவிட முடியாது. மயில்கழுத்து என்று அழகாகச் சொன்ன அதே வாய், கடையைவிட்டு வெளியே வந்ததும் 'பொண்ணு கொஞ்சம் கறுப்பு' என்றும் சொல்லும். சொல்லும் அளவுகோல்தான். எண்கள் பட்டியலிலும் அன்பு நுழைந்திருக்கிறது. நான் மேலே சொன்ன இணைய நிறப்பட்டியலில், 2014இல் ஒரு புதிய ஊதா சேர்க்கப்பட்டது. அதன் பெயர் ரெபெக்கா பர்ப்பிள். இணையப் பக்கங்களின் வடிவமைப்பு மொழியைப் பலருக்குக் கற்றுக்கொடுத்த எரிக் மேயரின் மகள் ரெபெக்கா, மூளைப் புற்றுநோயால் தன் ஆறாவது பிறந்த நாளன்று இறந்தாள். பெக்கா என்பது குழந்தைப் பெயர், ஆறு வயதானதும் ரெபெக்கா என்றே எல்லாரும் கூப்பிட வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாளாம். ஆறு வயதாக அவள் இருந்தது சில மணி நேரமே. அதனால் நிறத்துக்கும் முழுப்பெயரையே வைத்தார்கள். சிவப்பு 102, பச்சை 51, நீலம் 153 என்ற வறட்டு எண்ணுக்குள் ஒரு சிறுமி கேட்டுக்கொண்டபடி அவள் பெயர் இருக்கிறது.

பழனி மலையில் நிறத்துக்கும் எண்ணுக்கும் உள்ள உறவை இன்னொரு விதமாகக் காட்டுவது குறிஞ்சி. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, விதைத்து, செடி மடிந்துவிடும். 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்து 2030. இளநீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவில் அதன் நிறம். குறுந்தொகையின் மூன்றாம் பாட்டில் குறிஞ்சி வருகிறது. அங்கே தண்டின் கருமை சொல்லப்பட்டிருக்கிறது, பூவின் நிறம் சொல்லப்படவில்லை. 2006இல் இந்திய அஞ்சல் துறை குறிஞ்சிக்கு ஒரு தபால்தலை வெளியிட்டது. அச்சு மசியாக மாறிய குறிஞ்சி அது. மலையைப் பார்க்காதவர்களுக்கு அதுவும் ஒரு கொடை.

குறிஞ்சி பூப்பதை எண்ணித் தங்கள் வயதைச் சொல்லும் வழக்கம் பளியர்களிடம் இருந்ததாகச் சொல்வார்கள். எனக்கு இந்த அளவுகோலின்மேல் ஒரு மரியாதை உண்டு. இதில் அளக்கிறவரும் அளக்கப்படுகிறவரும் ஒருவரே. இன்னொருவரின் முகத்தில் இதை ஒட்டிப் பார்க்க முடியாது. அளக்க வேண்டுமென்றால் அந்த மலையில் இருக்க வேண்டும். செடியோடு சேர்ந்து தானும் மூப்படைய வேண்டும்.

அதே மலையில் இன்னொரு அளவுகோல் வேறு வேலை செய்தது. மரம் இல்லாத புல்வெளி வருமானம் தராத வீண்நிலம் என்று கணக்கிடப்பட்டது. வீண்நிலத்தைப் பயனுள்ளதாக்குகிறோம் என்று சீகையும் தைலமரமும் பைனும் நட்டார்கள். குறிஞ்சியின் இடம் புல்வெளி. கணக்கேட்டில் 'வீண்' என்று இருந்ததால் அதன் மேல் கை வைக்க யாரும் தயங்கவில்லை. 'வேலை செய்யாதோர்' என்ற பிரிவும் 'வீண்நிலம்' என்ற பிரிவும் ஒரே பேனாவால் எழுதப்பட்டவைபோல எனக்குத் தோன்றும். தன் படிவத்தில் இடமில்லாததை இல்லாதது என்று எழுதும் பேனா அது.

ஆகவே எந்த எண்ணைக் கண்டாலும் மாணவிகளிடம் நான் கேட்கச் சொல்வது மூன்று கேள்விகள். யாருடைய கண்? எந்த வெளிச்சத்தில்? மாற்றியபோது வெட்டியது எது? மதிப்பெண், உடல் எடை, இடுப்பு அளவு, மணமகள் விளம்பரம், கூலிச் சீட்டு, கணக்கெடுப்பு எல்லாவற்றிடமும் இதைக் கேட்கலாம். கேள்விக்கு விடை சொல்லும் எண் முத்திரை மரக்காலைப் போன்றது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு போராடலாம். கேட்டால் கோபித்துக்கொள்ளும் எண்ணிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். நாமே எதையாவது அளக்கும்போதும், ஒருத்தியின் வாழ்க்கையை நம் சொல்லுக்கு மாற்றி எழுதும்போதும் இவை மூன்றும் நமக்கும் பொருந்தும். கவிதை எழுதுகிறவர்களும் பெண்ணியம் பேசுகிறவர்களும் வெட்டாமல் மாற்றுவதில்லை.

2030இல் மலை பூக்கும்போது உங்களில் யாராவது கூக்கால் பக்கம் வரக்கூடும். கைப்பேசியில் படம் எடுப்பீர்கள். அந்த நொடியே பூ மூன்று மூன்று எண்களாகிவிடும். அனுப்பப்படும் இடத்தில் வேறொரு திரையில் வேறொரு நீலமாகத் தெரியும். அதனால் என்ன, அனுப்புங்கள். படத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: எந்தச் சரிவு, என்ன நேரம், வெயிலா மஞ்சா, எவ்வளவு தூரத்தில் நின்று பார்த்தீர்கள், பக்கத்து வயலில் யார் வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்று.